அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்

வேண்டாமுங்க தம்பி, நீங்களே குடிங்க. பாட்டில் தண்ணி எனக்கு ஆகாது. மேல ஒட்டியிருக்கற காயிதத்தைப் பாருங்க. மலை போட்டிருக்கறான், பனி போட்டிருக்கறான், அருவி வேற கொட்டுது. எந்த மலை, எந்த அருவின்னு அந்தக் கம்பெனிக்காரனையே கேட்டாலும் முழிப்பான். எட்டு வருசம் தண்ணி சோதனைக் கம்பெனில சாம்பிள் எடுத்தவன் நானு. தண்ணியப் பத்தி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

நீங்க எறங்கறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதில்லைங்? அப்பச் சொல்றன், கேளுங்க. நாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. படிச்சவராட்டம் தெரியுது. படிச்சவிய எல்லாம் நாயம் பேசுவாங்கன்னு நான் நம்பறதில்ல, அது வேற.

கல்லுக்குழிமேடுன்னு ஒரு குப்பைமேடு. ஒரு காலத்துல கல்லு ஒடச்ச குழி அது. டவுன் குப்பை பூராவும் அங்கதான் போய்க் கொட்டறாங்க. குழி ரொம்பி, மேடாகி, இப்ப மலையாட்டம் நிக்குது. அதைச் சுத்தியும் ஆறு எடத்துல போர் போட்டிருக்கறாங்க. குடிக்கறதுக்கில்லைங்க, பாக்கறதுக்கு. குப்பையில இருந்து ஒழுகற சாறு பூமிக்குள்ள எறங்குதா, நெலத்தடித் தண்ணியக் கெடுக்குதான்னு கண்டுபுடிக்கறதுக்கு. மூணு மாசத்துக்கொருக்கா ஆறு போர்லயும் ஆறு பாட்டில், கீழ இருக்கற குட்டையில ஒண்ணு, குட்டையத் தாண்டி ஓடற ஓடைப்பள்ளத்துல ஒண்ணு, ஆக எட்டு பாட்டில். புடிச்சு, மூடி, நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில வெச்சு, ஆய்வுக்கூடத்துல கொண்டாந்து குடுக்கோணும். அதுதான் என்ற வேலை. கேக்கறதுக்கு லேசா இருக்குதில்ல? போய்ப் பாருங்க, தெரியும்.

மேட்டுப் பக்கம் ஒண்ணாம் நம்பர். கேட்டுக்குப் பக்கத்துலயே, வாட்ச்மேன் ரூமை ஒட்டி, மோட்டார் மாட்டிக் குழாயும் வெச்சிருக்கறாங்க. அது மகராசனாட்டம் நோகாமத் தண்ணி குடுக்கற போர். மீதி அஞ்சும் பள்ளத்துப் பக்கம், சீமைக்கருவேல முள்ளுக்குள்ள. மொதத் தடவை நான் யோக்கியமாத்தானுங்க போனன். சும்மா போய் பாட்டில்ல மொண்டுக்கிட்டு வரவும் கூடாது. போர்ல தேங்கி நிக்கற தண்ணிய மொதல்ல எறச்சு ஊத்திப்போட்டு, புதுசா ஊறி வர்ற தண்ணியத்தான் புடிக்கோணும். அப்படித்தான் ஒண்ணொண்ணா புடிச்சுக்கிட்டு அஞ்சாம் நம்பர் வரைக்கும் போனன். அதுல புடிச்சுட்டுத் திரும்பறன், மொழங்கால் அளவு கருஞ்சேறு. காலு வெளிய வந்துச்சு, செருப்பு உள்ளயே நின்னுக்கிச்சு. அப்பப் பாத்து நாயிக. பத்துப் பன்னெண்டு இருக்கும். கோழிக் கழிவத் தின்னு தின்னு கன்னுக்குட்டியாட்டம் வளந்து கெடக்குது. ஒண்ணு வந்து கெண்டைக்கால்ல கவ்விப்போட்டுது.

ஊசி போட்டுக்கிட்டு நேரா மேனேஜர்கிட்டப் போனன். 'கம்பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் குடுங்க சார். தொணைக்கு ஒரு ஆளு குடுங்க'ன்னன். அவரு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, 'பாத்துப் போய்ட்டு வாங்க திருமூர்த்தி'ன்னாரு. அவ்வளவுதான். பாத்துப் போகோணுமாமா. 'நாய்கிட்டயும் சொல்லி விடுங்க சார், பாத்துக் கடிக்கச் சொல்லி'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சொல்லியிருக்கோணும்.

அடுத்த தடவையில இருந்து நானே ஒரு முறை வெச்சுக்கிட்டன். ஒண்ணாம் நம்பர் குழாயில ரெண்டு பாட்டில். வர்ற வழியில பிள்ளையார் கோயில் அடிபம்புல ரெண்டு. கேட்டுக்கு எதுக்க இருக்கற டீக்கடை டிரம்முல ரெண்டு. குட்டைக்கும் பள்ளத்துக்கும் பதிலா ரோட்டோரம் ஓடற வாய்க்கால்ல ரெண்டு. சிரிக்காதீங்க தம்பி. ஒரே எடத்துல எட்டும் புடிச்சிருந்தா அது ஏமாத்து. நான் அப்படிச் செய்யல. நாலு எடம் அலைஞ்சு, வேற வேற தண்ணியாத்தான் எடுத்தன். பூமிக்குள்ள என்ன செவுரா எழுப்பி வெச்சிருக்குது? இங்கிருக்கற தண்ணிதான் அங்கயும். எட்டு வருசத்துல ஒரு பாட்டில் ஒடஞ்சதில்ல. ஒருநாள் நேரந் தப்புனதில்ல. படிவத்துல அடிச்சுத் திருத்துனதில்ல. என்ற கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எங்க கம்பெனில வேற எவன் எழுத்தாவது அப்படி இருக்குதான்னு போய்க் கேளுங்க.

ரிப்போர்ட்டு வரும். கட்டங்கட்டமாப் போட்டு, ஒவ்வொண்ணுக்கு எதுக்கயும் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது', 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது'ன்னு வரிசையா. கீழ வட்டமா ஒரு சீல். பாக்கறப்ப எனக்கே பெருமையா இருக்கும்.

ஆனா கருக்கம்பள்ளத்துக்காரங்களுக்கு அது பத்தாது. குப்பைமேட்டுக்குக் கீழ இருக்கற ஊரு. மனு எழுதறதுக்குன்னே பொறந்தவிய. தண்ணி நாறுதுன்னு ஒரு மனு. சோறு மஞ்சளாகுதுன்னு ஒண்ணு. ஒடம்பு அரிக்குதுன்னு ஒண்ணு. ஆடு குட்டைத் தண்ணியக் குடிக்க மாட்டீங்குதுன்னு அதுக்கும் ஒரு மனு. ஆடு குடிக்கலைன்னா கலெக்டர் வந்து குடிக்க வெப்பாரா? அந்தக் கூட்டத்துல ராயப்பன்னு ஒருத்தன். மோட்டாருக்குக் காயில் கட்டறவன். பாட்டில்ல கலங்கல் தண்ணியப் புடிச்சுக்கிட்டு வாரா வாரம் கலெக்டர் ஆபீசு வாசல்ல நிப்பான்.

ஒருநாள் என்னைய கேட்டுகிட்டப் புடிச்சுக்கிட்டான். 'அண்ணா, எங்க கெணத்துலயும் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போங்கண்ணா. எம் பொண்டாட்டிக்கு கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. தண்ணியாலயான்னு தெரிஞ்சுக்கோணும்'னான்.

'உங்க கெணறு லிஸ்ட்டுல இல்லப்பா'ன்னன்.

'ஒரே ஒரு பாட்டில்ண்ணா.'

'லிஸ்ட்டுல இல்லாத எடத்துல எடுக்கக்கூடாது. ரூல்சு'ன்னன்.

நான் சொன்னது தப்பா? சொல்லுங்க. ஆளாளுக்கு ஒரு எடத்தக் காட்டி எடு எடுன்னா, அப்பறம் சாம்பிளுக்கு என்ன மரியாதை?

அவன் மனுவுக்குப் பதில் போச்சு. 'நிலத்தடி நீர் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது. அனைத்தும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன'ன்னு. அவன் சம்சாரம் சகாயமேரி அடுத்த வருசம் தவறிப்போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸுக்கு அவளை பஸ்ஸுல கூட்டிட்டுப் போவான். நானே பாத்திருக்கறன், அவன் தோள் மேல சாஞ்சு அவ தூங்கிட்டு வருவா. பாவந்தான். அதுக்கு நான் என்ன பண்ணறது? கிட்னி கெட்டவிய நாட்டுல அவ ஒருத்தியா?

இப்ப என்ற கதைக்கு வர்றன்.

கருக்கம்பள்ளத்துக்கு அடுத்தாப்பல ஒரு லேஅவுட் போட்டாங்க. பேரு பசுஞ்சோலை நகர். பச்சையா இருந்தது பெயின்ட் அடிச்ச அந்தப் போர்டு மட்டுந்தான். எடம் சல்லிசா வந்துச்சு. ஆயுசு பூராவும் டவுன்ல வாடகை ஊட்டுல, மாடிப்படிக்கு அடியில கெடந்தவன் நானு. எனக்கும் சொந்தமா ஒரு ஊடு வேணும்னு ஆசை இருக்காதா? மரகதம், என்ற சம்சாரம், 'ஏனுங்க, குப்பைமேட்டுக்குக் கீழயா?'ன்னு இழுத்தா. பொம்பளைக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்.

புரோக்கர் ஒரு காயிதத்தை நீட்டுனான். 'தண்ணி ரிப்போர்ட்டு சார். கெவருமெண்டுக்கே குடுத்தது. அஞ்சாம் நம்பர் போர் நம்ம சைட்டுக்கு நேர் மேல. பாருங்க, எல்லாம் நல்ல தண்ணி'ன்னான். பாத்தன். கீழ 'மாதிரி சேகரித்தவர்'ங்கற எடத்துல முத்து முத்தா என்ற கையெழுத்து. இதுக்கு மேல என்னங்க அத்தாட்சி வேணும்? ஒரு மனுசன் தன் கையெழுத்தையே நம்பலைன்னா வேற எதத்தான் நம்பறது? கிரயம் பண்ணிப்போட்டன்.

ஊடு கட்டி, போர் போட்டு, பால் காய்ச்சிக் குடிபோனம். கோடையில தண்ணி கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். ஐப்பசி மழை புடிச்சுது பாருங்க, அப்ப ஆரம்பிச்சுது கெரகம். மழை பேஞ்சா தண்ணி நல்லாகும்னுதான் ஊரு ஒலகத்துல சொல்லுவாங்க. எங்கூட்டுல தலகீழ். குழாயத் தொறந்தா டீ டிகாக்‌ஷனாட்டம் வருது. மேல நொரை கட்டுது. சாக்கடை நாத்தமும் இல்ல, மருந்து நாத்தமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. பருப்பு வேக மாட்டீங்குது. சோறு வடிச்சா வெளக்காத பித்தளையாட்டம் ஒரு நெறம். மரகதத்துக்கு ரெண்டு கையும் மொழங்கை வரைக்கும் தடிச்சு, தோல் வெடிச்சு, நீர் கசியுது.

நான் போர் போட்டவனைக் கூப்பிட்டுக் கிழிச்சன். கேசிங் பைப்பு சரியில்லைன்னன். தொட்டி கட்டுன கொத்தனாரைத் திட்டினன். புரோக்கர் போனை எடுக்கவே இல்ல. எல்லாம் ஏமாத்துக்கார நாயிக தம்பி. அவனவன் வேலைய அவனவன் ஒழுங்காப் பாத்தா நாடு ஏன் இப்படிக் கெடக்குது?

மரகதம் மோட்டார் ஓடலைன்னு ராயப்பனைக் கூப்பிட்டிருக்கறா. வந்தான். வாளியில புடிச்சு வெச்சிருந்த தண்ணியக் குனிஞ்சு பாத்தான். 'எங்கூட்டுலயும் இதேதானுங்கக்கா'ன்னான். என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தாக் கூட நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பன். சிரிக்கல. மோட்டாரைச் சரி பண்ணிப்போட்டு, கூலியும் வேண்டாம்னுட்டுப் போய்ட்டான். பெரிய தருமப்பிரபு.

எங்க ஆய்வுக்கூடத்துல அப்பத்தான் ஒரு புள்ளை புதுசா வேலைக்குச் சேந்திருந்துச்சு. திருநெல்வேலிப் பக்கம். பேச்சியம்மாள்னு பேரு. பேருதான் பேச்சி, வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசாது. முன்ன இருந்த கெமிஸ்ட்டு தங்கமான மனுசன். எதையும் நோண்ட மாட்டாரு, நம்பரை எழுதிப்போட்டுப் பொழுதோட ஊட்டுக்குப் போயிருவாரு. இவ என்னடான்னா எட்டு வருச ரிப்போர்ட்டையும் எடுத்து மேசை மேல அடுக்கி வெச்சுக்கிட்டுப் படிக்கறா. தொடர்கதையா அது?

என்ற ஊட்டுத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டு போய் அவகிட்டக் குடுத்தன். ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டா.

'அண்ணாச்சி, இந்தத் தண்ணிய வீட்டுல ஆரும் குடிக்காதீய. பாத்திரம் வெளக்கக்கூட வேண்டாம். குப்பைச் சாறு கலந்துருக்கு'ன்னா.

'அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?'ன்னன்.

'அம்மோனியா, உப்பு, எல்லாம் எக்கச்சக்கமா இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கல அண்ணாச்சி. குப்பைமேட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுலதான அஞ்சாம் நம்பர் போர் இருக்கு? அதுல எட்டு வருசமா நல்ல தண்ணி. அதுக்கு மேல குப்பை, கீழ உங்க வீட்டுல சாறு. நடுவுல மட்டும் தாவியா வந்துச்சு?'

பாத்தீங்களா? பேசாத புள்ளை பேசற பேச்சை?

'பூமிக்கு அடியில நடக்கறது யாருக்கும்மா தெரியும்'னன்.

'சரி. இன்னொண்ணு கேக்கேன். போன தடவை அஞ்சு, ஆறுன்னு எழுதி வந்த பாட்டில்ல குளோரின் இருந்துச்சு. மண்ணுக்குள்ள இருந்து வார தண்ணில குளோரின் எப்படி வரும் அண்ணாச்சி? அது குழாய்த் தண்ணிக்கும் லாரித் தண்ணிக்கும்லா போடுதது.'

டீக்கடைக்காரன் லாரித் தண்ணி வாங்கி டிரம்முல ஊத்தறான்னு எனக்கென்னங்க தெரியும்? அவன் பண்ணுன காரியத்துக்கு நான் பொறுப்பா?

அந்தப் புள்ளைகூட மல்லுக்கட்டறதுக்கு எனக்கு நேரமில்ல. குப்பையக் கொட்டற மாநகராட்சிக்கே நேரா மனு எழுதினன். ராயப்பனாட்டம் பென்சில்ல கிறுக்குவனா? நாலு பக்கம், பத்தி பிரிச்சு, தண்ணித் தொழில்ல இருக்கறவன் எழுதற மாதிரி எழுதினன். இருபது நாள்ல பதில் வந்துச்சு. 'தங்கள் பகுதியின் நிலத்தடி நீர் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது. அனைத்தும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன. ஆய்வறிக்கைகள் இணைக்கப்பட்டுள்ளன.' பக்கத்தைத் திருப்பறன், என்ற கையெழுத்து. அடுத்த பக்கம், என்ற கையெழுத்து. என்ற ஊட்டுத் தண்ணி நல்லா இருக்குதுன்னு என்ற கையெழுத்தையே வெச்சு எனக்குப் பதில் போடறாங்க தம்பி! இந்த அநியாயத்தை எங்கயாவது கேட்டிருக்கறீங்களா? ஒருத்தன் நேர்ல வந்து வாளியப் பாக்க வேண்டாமா? எடத்துக்கே போகாம, உக்காந்த எடத்துலயே காயிதத்தை ரொப்பறவனெல்லாம் சம்பளம் வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை பேச்சியம்மாள் எங்கூட்டுக்கே வந்துருச்சு. ரெண்டு பஸ் மாறி வந்திருக்குது. மரகதம் கேன் தண்ணியில காப்பி போடப் போனா. அந்தப் புள்ளை மரகதத்தோட கையையே பாத்துக்கிட்டு இருந்துட்டு என்கிட்டத் திரும்புச்சு.

'அண்ணாச்சி, எந்தெந்த எடத்துல சாம்பிள் எடுத்தீயன்னு உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அந்த ஒரு காயிதம் போதும். பழைய ரிப்போர்ட் பூராவும் தள்ளுபடியாயிரும். அந்த ரிப்போர்ட்டக் காட்டித்தான் எல்லா மனுவையும் தள்ளுதாவ. அது போயிட்டுன்னா ஊருக்கு வேற தண்ணி குடுத்துத்தான் ஆவணும். உங்க வீட்டுக்குந்தான்.'

'என்ற வேலை?'

'போயிரும் அண்ணாச்சி. நான் மறைக்க விரும்பல. இத வெளிய சொன்னா எனக்கும் போனாலும் போவும்.'

பொழைக்கத் தெரியாத ஜென்மம். அதுக்கென்ன, கலியாணங்காட்சி ஆகாத புள்ளை, வேற ஊருல வேற வேலை தேடிக்கும். எனக்கு அம்பத்தாறு வயசு. 'இந்தா பாரு அம்மிணி, நான் போர்லதான் எடுத்தன். ஆறு போர்லயும் எடுத்தன். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவன்'னு சத்தமாவே சொன்னன்.

மரகதம் சமையல் ரூம் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. காப்பிய வெச்சுட்டு உள்ள போய்ட்டா.

அதுக்கு அடுத்த வாரம் கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூடத்து மைதானத்துல பந்தல் போட்டு, அதிகாரிக வரிசையா நாற்காலியில. எங்க மேனேஜரும் வந்திருந்தாரு. எட்டு வருசத்துல அன்னைக்குத்தான் அவரு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தது, மூக்குல கர்ச்சீப்போட. என்னையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டாரு.

ராயப்பன் எந்திரிச்சு எப்பவும் கேக்கறதையே கேட்டான். மேனேஜர் மைக்கைப் புடிச்சு, 'ஒவ்வொரு போரிலும் முறைப்படி மாதிரி எடுக்கப்படுகிறது. எடுப்பவர் இதோ, உங்கள் ஊரிலேயே குடியிருக்கிறார்'னாரு. நானும் தலைய ஆட்டினன். ஆட்டாம?

அப்ப பொம்பளைக பக்கத்துல இருந்து ஒரு ஆளு எந்திரிச்சுது. பாத்தா மரகதம். முப்பது வருசமா என் எதுக்க நின்னு ஒரு வார்த்தை பேசாதவ.

'நான் சாம்பிள் எடுக்கறவரோட சம்சாரமுங்க'ன்னா. 'எட்டு வருசமா அவரு துணியத் தொவைக்கறவ நானு. மொதத் தடவை அங்க போய்ட்டு வந்தன்னிக்கு அவரு பேண்ட்டுல கருஞ்சேறு அப்பியிருந்துச்சு. மூணு தண்ணி அலசியும் கறை போகல, நாத்தமும் போகல. தூக்கித்தான் எறிஞ்சன். அதுக்கப்பறம் ஒருநாள் கூட அவரு துணியில சேறு இருந்ததில்லைங்க. ஒரு முள்ளு கிழிச்சதில்ல. அந்த நாத்தம் அடிச்சதில்ல. அவரு அந்தப் போருக்கெல்லாம் போகலைங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும், இங்க வந்து என்ற கையி இப்படி ஆகற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்துட்டன். அது என்ற தப்பு.'

ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினா.

ஏனுங்க தம்பி, இது ஒரு சாட்சியா? எட்டு வருசப் படிவம் இருக்குது, சீல் இருக்குது, கையெழுத்து இருக்குது. அதையெல்லாம் தள்ளிப்போட்டு, அழுக்குப் பேண்ட்டு சொல்றதைக் கேக்கறாங்க! மேனேஜர் என்னையப் பாத்த பார்வை இருக்குதே. அவருக்கு எதுவுமே தெரியாதாமா. பச்சைக் கொழந்தை.

ஊட்டுக்கு வந்து கத்துனன் பாருங்க, தெருவே கூடிருச்சு. அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'நீங்களே எழுதிக் குடுத்திருந்தா நான் பேசியிருக்க மாட்டனுங்க.' சொல்லிட்டு சோறு போட்டா. கேன் தண்ணியில வடிச்சது. வெள்ளையா இருந்துச்சு. தின்னன். பசிக்குதில்ல?

வேலை போச்சு. மேனேஜருக்கு ஒரு மயிரும் ஆகல. கம்பெனிக்கு ஒரு நோட்டீசு, அவ்வளவுதான். பழைய ரிப்போர்ட்டெல்லாம் செல்லாதுன்னு ஆயிருச்சு. கலெக்டர் ஆபீசு அதிகாரி முன்னால ஆறு போர்லயும் திரும்ப எடுத்துக் காட்டோணும்னு உத்தரவு. பேச்சியம்மாளை வேலைய விட்டு அனுப்ப முடியல, ஏன்னா அந்தப் புள்ளைதான் வந்து எடுக்கோணும்னு அதிகாரி கேக்கறாரு. ஊருக்குத் தெனமும் ரெண்டு லாரி தண்ணி வருது. லாரி வந்தா மரகதத்தை வரிசையில நிக்க விடறதில்ல அந்தப் பொம்பளைக. 'அக்கா, மொதல்ல நீங்க புடிங்க'ன்னு கொடத்தை வாங்கி வெக்கறாங்க. எட்டு வருசம் வேலை செஞ்சவன் ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கறன். துணி தொவைச்சவளுக்கு மரியாதை. ஒலகம் அப்படிப் போகுது.

இதெல்லாம் கூடப் பரவால்லைங்க. போன வாரம் நடந்ததுதான் எனக்கு ஆறல.

பேச்சியம்மாள் போன் பண்ணுச்சு. அஞ்சாம் நம்பரைக் காணமாமா. வரைபடத்துல இருக்கற எடத்துல தேடறாங்க, முள்ளாத்தான் இருக்குதாமா. 'அங்க போய்ட்டு வந்தது நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி, அந்த ஒரு தடவை'ன்னா. அந்தக் கடைசி வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம். இருந்தாலும் போனன். படிச்ச கூட்டம் அத்தனை பேருக்கும் ஒரு போரைக் கண்டுபுடிக்கத் துப்பில்ல, என்ன பண்ணறது?

முள்ளு வெட்டறதுக்கு ராயப்பன் அருவாளோட வந்திருந்தான். நான் வழி சொன்னன், அவன் வெட்டிக்கிட்டே முன்னால போனான். அரை மணி நேரம். பாறைக்குப் பக்கத்துல பைப்பு தலைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மூடி துருப்புடிச்சு இறுகிக் கெடக்குது. ராயப்பன்தான் ஸ்பானர் போட்டுத் தட்டித் திருகுனான்.

தொறந்ததும் அதிகாரி ரெண்டடி பின்னால போய்ட்டாரு. பேச்சியம்மாள் அசையல. கயித்துல மொண்டெடுக்கற குழாயக் கட்டி உள்ள விட்டு, தேங்குன தண்ணியெல்லாம் எறச்சு எறச்சு ஊத்துச்சு. ஒரு மணி நேரம் எறச்சும் நெறம் மாறல. மோட்டார்ல இருந்து வடிச்ச பழைய ஆயிலாட்டம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறந்தான் பாட்டில்ல புடிச்சுது.

ராயப்பன் அந்தப் பாட்டிலையே பாத்துக்கிட்டு நின்னான். 'அம்மிணி, இது எத்தனை வருசமா இப்படி இருக்குது?'ன்னான். 'எம் பொண்டாட்டி குடிச்சது இதைத்தானா? இல்ல, அவ போனதுக்கப்பறம் வந்துதா?'

அந்தப் புள்ளை பாட்டில் மூடியத் திருகிக்கிட்டே சொல்லுச்சு: 'தெரியாது அண்ணாச்சி. இனிமேயும் தெரிய வராது. மூணு மாசத்துக்கு ஒருக்க இங்க எடுத்திருந்தா, இன்ன மாசம் வந்துச்சுன்னு சொல்லிருவேன். அந்த மொதத் தடவைக்குப் பொறவு எட்டு வருசத்துக்கு நம்மகிட்ட ஒரு சொட்டு கூட இல்ல.'

அவன் தலைய ஆட்டினான். அருவாளைத் துண்டுல தொடச்சான். வெட்டிப் போட்ட முள்ளையெல்லாம் ஒருபக்கமாத் தள்ளி, எல்லாரும் போறதுக்கு வழி பண்ணிவிட்டான். எனக்குந்தான்.

இப்பச் சொல்லுங்க தம்பி. நான் அவனுக்குக் கைக்கெட்டற தூரத்துல நின்னுட்டிருக்கறன். எட்டு வருசம் அந்த மேட்டுக்கு வந்து போனவன். நேத்து வந்த புள்ளைகிட்டக் கேக்கறானே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? திரும்பிக் கூடப் பாக்கலைங்க.

என்னங்க? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பனா?

அவன் கேக்கலைன்னுதானுங்க தம்பி நான் சொல்லிக்கிட்டிருக்கறன்.